இரண்டு நாள் வாடகை

ராயப்பேட்டைக் கடையில்
ஆதார் நகலும் ஐயாயிரம் முன்பணமும் வைத்து
வாங்கிவந்தேன்
கைக்குழந்தை கனத்தில் ஒரு லென்ஸ்.
"தண்ணிப் பக்கமா போறீங்க?" என்றார் கடைக்காரர்.
"கல்யாணம்" என்றேன்.
திங்கள் பத்து மணிக்குள் திருப்பித் தரவேண்டும்.

வாரநாட்களில் நான் எடுப்பதெல்லாம்
நசுங்கிய பம்பர்.
இடது கதவு, வலது கதவு, சேசிஸ் எண்,
விரிசல் விட்ட முன்கண்ணாடி.
வண்டிக்குப் பன்னிரண்டு படம்.
காப்பீட்டுக் கம்பெனியில் யாரும்
படம் நன்றாக இருக்கிறதென்று சொன்னதில்லை.
சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

சனி, முட்டுக்காடு.
ஆரஞ்சு நிறக் கயாக், இருவர் அமர்வது.
இரவுப்பணி முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த எப்சிபா
முன்னிருக்கையில் ஏறி
மிதவைச்சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டு
"நீ படம் எடு, நான் தள்றேன்" என்றாள்.
பத்து நிமிடம் ஒரே இடத்தில் வட்டமடித்தோம்.
பாலத்தின் மேல் நின்ற பேருந்தில்
ஜன்னலுக்கு இரண்டு முகம்.

படகு நகர்ந்தால் படம் அசைகிறது.
படகு நின்றால் பறவை போய்விடுகிறது.
கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று
அந்தரத்தில் நின்று சிறகடித்தது, அடித்தது, அடித்தது,
விழுந்தது.
நான் அழுத்தியபோது
தண்ணீரில் வளையம்தான் இருந்தது.
நாற்பது படம், நாற்பது வளையம்.
மற்றதிலெல்லாம் எப்சிபாவின் தொப்பி.

ஞாயிறு, எண்ணூர்.
"வத்தம் தொடங்குறதுக்குள்ள ஏறிடுங்க,
இல்லாட்டி சேத்துல குந்திக்கினு இருக்கணும்"
என்று சொல்லித்தான் இறக்கிவிட்டுப் போனார்
படகு ஏற்றிவந்த மினிலாரிக்காரர்.
கொசஸ்தலையாறு சாம்பல் பூத்துக் கிடந்தது.
புகைபோக்கிகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன.
இதற்குத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெண்.
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி
இரு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.
ஆற்றின் மேல் முகம் மட்டும்.
பின்னால் மூன்று புகைபோக்கி, சரியான இடைவெளியில்.
லென்ஸைத் தூக்கினேன்.

வாயைத் திறந்தால் பறி மிதந்துவிடும்.
கண்ணால் சொன்னார்.
எனக்குப் புரிவதற்குள்
எப்சிபா துடுப்பைப் பின்னோக்கிப் போட்டுவிட்டாள்.
தொண்டையில் குழாயோடு கிடப்பவர்களின் கண்ணைப் படிப்பது
அவளுக்கு மாதச் சம்பளம்.

இருபதடி விலகியபின் குரல் வந்தது:
"இறா கலையுதும்மா. படம் வேணும்னா
கரைக்கு வந்தப்புறம் எடு, பல்லு தெரிய நிக்கிறேன்."

வத்தம் எங்களை முந்திக்கொண்டது.
ஒன்றரை மணி நேரம்
சேற்றில் குந்திக்கினு இருந்தோம்.
எப்சிபா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
உள்ளான் குருவிகள் கயாக்கைச் சுற்றி நடந்து
எங்களைக் கணக்கில் எடுக்காமல் மேய்ந்தன.
அவ்வளவு கிட்டத்தில்
அந்த லென்ஸுக்குக் கண் தெரியாது.

பறி நிறைந்து திரும்பியவர் செஞ்சம்மா.
முன்கயிற்றைத் தோளில் போட்டு
எங்களோடு சேர்த்துப் படகை இழுத்துப்போனார்,
எப்சிபா விழித்து "ஐயோ, இறங்குறோம்க்கா" என்று கத்தும்வரை.
கரையில் முந்தானையைப் பிழிந்து, முடியை ஒதுக்கி
சொன்னபடி நின்றார்.
எடுத்துக் காட்டினேன்.
நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார்.
"அந்தக் கொழா எதுக்கு என் தலைக்கு மேல?
இப்படித் தள்ளி நில்லு."

இரண்டடி தள்ளி நின்றேன்.
பின்னால் வெறும் தண்ணீர்.
ஆறு அங்கே அகலமாக இருந்தது.

திங்கள், ஒன்பது நாற்பது.
கடைக்காரர் குவிய வளையத்தைத் திருகினார்.
நறநறவென்றது.
மூடியைக் கவிழ்த்துத் தட்டினார்,
கண்ணாடி மேசையில் விழுந்தது ஒரு சிட்டிகை எண்ணூர்.
விரலால் தொட்டுப் பார்த்தார்.
"பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்காங்களா?"
"இருக்காங்க" என்றேன்.
முந்நூறு பிடித்துக்கொண்டார்.